ஆட்சேபணை

— ரோட்டையே திரும்பித் திரும்பிப் பாக்குறியே தம்பி, யாரு வர்றா?

— புரொபேஷன் ஆபீசர் மேடம்ங்க. இன்னிக்கி வருவாங்கன்னு சொன்னாங்க. அவங்க ஜீப்பு அந்த வீட்டு வாசல்ல நிக்கிறதுக்கு முன்னாடி நாம போயிரணும்மா.

— எந்த வீட்டு வாசல்ல?

— செத்துப்போன வீரமணி வீடுதாங்க. அவனோட அம்மாவப் பாத்து ஒரு வார்த்த பேசணும். நான் மட்டும் போனா வெரட்டிருவாங்க. நீங்க கூட வந்தா, பெத்தவ வந்து நிக்கிறாளேன்னு கொஞ்சமாச்சும் எறங்குவாங்க. எந்திரிங்கம்மா.

— செத்த நவுந்து நில்லு. ஒன் நெழலு வுழுது. காலையில போட்ட நெத்திலி, இன்னும் ஒரு பக்கங்கூடக் காயல.

— அம்மா, கெஞ்சிக் கேக்குறேன்...

— அது கெடக்கட்டும். மொதல்ல நீ யாருன்னு சொல்லு. வந்ததுலேர்ந்து எந்திரிங்க எந்திரிங்கன்னுதான் சொல்ற. எப்படி இந்த வீட்டுக்கு வந்த?

— பஸ்ஸ விட்டு எறங்கி, கனகா வீடு எதுன்னு கேட்டேன். வலை பின்னிக்கிட்டிருந்த ஒருத்தர் கையக் காட்டுனாரு. இதுதானேங்க?

— இதுதான். கனகாவுக்கு நீ என்னா வேணும்?

— நான் சேரன்ங்க. பாபநாசம் பக்கம். நெல்லறுக்குற மிசினு ஓட்டுறேன்.

— அறுப்பு மிசினு ஓட்டுறவனுக்கும் ஜெயில்ல கெடக்குறவளுக்கும் என்னா சம்பந்தம்?

— அதாவதுங்க... கனகாவ எனக்கு உள்ளேர்ந்தே தெரியும்.

— எந்த உள்ளேர்ந்து?

— ஜெயிலுக்கு உள்ளேர்ந்துங்க.

— அது பொம்பள ஜெயிலு. அங்க ஆம்பளைக்கு என்னா வேல? காவக்காரனா நீ?

— இல்லைங்க.

— அரிசி மூட்ட ஏத்திட்டுப் போற வண்டிக்காரனா? கேக்குறேன்ல?

— நானும் கைதியாத்தான் இருந்தேம்மா. அவ பாயிக்கு அடுத்த பாயி என்னோடது.

— என்னா சொல்ற நீ?

— ஒங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போவுது. நான் பொறந்தப்ப பொம்பளப்புள்ளன்னு சொல்லித்தான் பேரு வச்சாங்க. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து நான் ஆம்பளதாங்க. அது எனக்குத் தெரியும், எங்க அக்காவுக்குத் தெரியும். சர்க்காருக்குத் தெரியல. அதனால அங்க கொண்டுபோய் அடைச்சாங்க.

— மீச இருக்கே?

— வெளிய வந்த பொறவு டாக்டர்கிட்டப் போயி ஊசி போட்டுக்கிட்டேன். ஆதார் கார்டுலயும் மாத்தியாச்சு. இப்பப் பேரு சேரன்தான்.

— உக்காரு. அந்தப் பலகைய இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காரு. நின்னுக்கிட்டே இருந்தா எனக்குத் தலைய சுத்துது. என்னா தப்பு பண்ணிட்டு உள்ள போன? எவனையாச்சும் கொன்னியா?

— ஒரு பொண்ணக் கூட்டிட்டுப் போனேங்க. வானதின்னு பேரு. ரெண்டு பேருக்கும் இஷ்டம். திருப்பூருக்குப் போயி பனியன் கம்பெனியில வேல பாத்துக்கிட்டு நல்லாத்தான் இருந்தோம். அவ வீட்டுல ஆள் கடத்தல்னு கேஸக் குடுத்துட்டாங்க. போலீஸ் வந்து ரெண்டு பேரையும் ஆளுக்கொரு வண்டியில ஏத்துனாங்க. கோர்ட்டுல அவ அப்பன் பக்கத்துல நின்னுக்கிட்டு, ஏமாத்திக் கூட்டிட்டுப் போயிட்டான்னு சொன்னா. என் மூஞ்சியப் பாக்கல. அவ மேல எனக்குக் கோவம் இல்லைங்க. அவளுக்கு வீட்டுக்குப் போகணுமே.

— கோவம் இல்லையா?

— அப்ப இருந்துச்சு. உள்ள போன பொறவு கோவப்பட நேரமில்ல. மொத நாளே என் சட்டையப் புடுங்கிட்டு ஒரு சேலையக் கையில குடுத்தாங்க. எனக்குக் கட்டத் தெரியாது. சுத்திக்கிட்டு நடந்தேன், கால் தடுக்கி வுழுந்துட்டேன். அந்தக் கூடமே சிரிக்குது. ஒருத்தி மட்டும் சிரிக்கல. எந்திரிச்சு வந்து, குத்த வச்சு உக்காந்து, கொசுவம் வச்சு சொருகி வுட்டா. "இதுக்குள்ள நீ என்னவா வேணாலும் இருந்துக்க. சேல அவுழாம நின்னாப் போதும், அதுதான் அவங்களுக்கு வேணும்"னா. அதுதாங்க கனகா.

— ஆமா. அவ அப்படித்தான் பேசுவா.

— கெளம்பலாங்களா? வெயிலு ஏறுது.

— இரு. அவங்களுக்குத் தெரிஞ்சுச்சா, நீ இப்படின்னு?

— யாருக்குத் தெரியாதுங்க? கைதிங்க எல்லாரும் என்னைய அண்ணேம்பாங்க. வார்டரம்மா வந்தா மட்டும் பழைய பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க. நான் மொத ஆளும் இல்லையே. ரெங்கம்மாள்னு ஒரு கெழவி இருந்துச்சு, பாதி ஆயுச அங்கயே கழிச்சது. அது சொல்லும், நான் இளசா வந்தப்பவே இங்க ஒரு ஜோடி இருந்துச்சுடா, தண்ணித் தொட்டிப் பக்கம்தான் படுக்கும், எங்களுக்கெல்லாம் அவங்கதான் மாமாவும் அத்தையும்னு. சண்ட வந்தாக்கூட அவங்ககிட்டத்தான் போயி நிப்பாங்களாம். காவல்காரங்க ஒரு நாளு புடிச்சு அடிப்பாங்களாம், மறுநாளு கண்டுக்காம வுடுவாங்களாம். பாதி நாளு சிரிப்பு, பாதி நாளு பிரம்பு.

— அப்பறம் என்னா ஆனாங்க?

— அந்த மாமாவா இருந்தவங்களுக்கு நெஞ்சுல சளி கட்டி, வெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்களாம். அங்கயே செத்துட்டாங்க. மொகத்த ஒரு தடவ பாத்துக்கிறேன்னு அந்த அத்தை கதவப் புடிச்சுக்கிட்டுக் கத்துச்சாம். "நீ என்ன ஒறவு"ன்னு கேட்டாங்களாம். கடைசி வரைக்கும் வுடல. சொந்தக்காரங்க யாரும் வராம, சர்க்காரே பொதைச்சிருச்சு. ரெங்கம்மாக் கெழவி இதச் சொல்லும்போதெல்லாம் கனகா என் கையப் புடிச்சிருப்பா. நமக்கும் இதுதான்டாம்பா.

— நமக்குன்னா?

— நேரமாவுதுங்கம்மா, எந்திரிங்க.

— கேக்குறேன்ல தம்பி? நமக்குன்னா, ஒனக்கும் அவளுக்குமா?

— ஆமாங்கம்மா. எனக்கும் அவளுக்கும்தான். திட்டணும்னா திட்டிக்கங்க. அடிக்கணும்னாலும் அடிங்க. ஆனா அந்த வீட்டுக்கு மட்டும் வந்துருங்க.

— திட்டி என்னா ஆவப்போவுது. காக்கா வருது பாரு, ஓட்டு.

— ச்சூ! ச்சூ!

— அந்தக் கம்ப எடுத்துக்க. ஒங்க ரெண்டு பேரையும் அப்படியே வுட்டு வச்சாங்களா?

— எங்க வுட்டாங்க. ஒரே போர்வையப் போத்திக்கிட்டுப் படுத்திருந்தோம்னு எவளோ போயிச் சொல்லிட்டா. மார்கழிக் குளிரு, இருந்த போர்வையும் கிழிஞ்சது. என்னையத் தனி அறையில போட்டாங்க. அவள வேற பிளாக்குக்கு மாத்திட்டாங்க. நடுவுல ஒரு மதிலுதான். பாக்க முடியாது. துணி காயப் போடுற எடம் மட்டும் ரெண்டு பிளாக்குக்கும் ஒண்ணு. அவங்க நேரம் காலையில, எங்க நேரம் சாயங்காலம். நான் போறப்ப என் சேல மட்டும் மடிச்சு வச்சிருக்கும். எல்லாச் சேலையும் ஒரே மாதிரிதாங்க, எப்படிக் கண்டுபுடிப்பாளோ. அந்த மடிப்பப் பிரிக்காம அப்படியே தலைக்கு வச்சுப் படுப்பேன்.

— ம்.

— எனக்குத் தண்டன முடிஞ்சு வெளிய வந்துட்டேன். மாசா மாசம் போயி மனு போட்டு அவளப் பாக்குறேன். மனுன்னா, கைதியப் பாக்க எழுதிக் குடுக்குறதுங்க. மொதல்ல, நீ என்ன ஒறவுன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிச்சுட்டாங்க. வக்கீல வச்சு மல்லுக்கட்டுன பொறவுதான் வுட்டாங்க. இந்த ஊருலேர்ந்து ஒருத்தரும் அவளப் பாக்க வரலைங்கம்மா. சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க.

— யாரும் போகலதான். நெசந்தான். அது கெடக்கட்டும். அவள வெளிய வுடுறேன்னு சொல்றாங்களா இப்ப?

— ஆயுள் தண்டனையில நல்ல நடத்தையா இருந்தவங்கள முன்கூட்டியே வுடுறாங்க. அவ பேரும் வந்திருக்கு. வெளிய வந்தா எங்க தங்குவான்னு ஒரு கேள்வி. அதுக்கு எங்க அக்கா செம்மொழி பேருல பொறுப்பு எழுதிக் குடுத்தாச்சு. மேடம் வந்து வீட்டப் பாத்துட்டாங்க, தெருவுல நாலு பேர விசாரிச்சாங்க, சரின்னுட்டாங்க. இப்ப பாக்கி ஒண்ணே ஒண்ணுதான். செத்தவன் வீட்டுல ஆட்சேபணை இருக்கக் கூடாது.

— ஒங்க வீடு எங்கன்னு சொன்ன?

— பாபநாசத்துலேர்ந்து உள்ள போகணும்ங்க. வாய்க்கா கரையோட.

— பஸ்ஸு போவுமா?

— போகாது. கொஞ்சம் நடக்கணும்.

— சுத்தி வீடுங்க இருக்கா, ஒத்த வீடா?

— தெருதாங்க. எல்லாம் எங்க ஆளுங்க.

— கதவு என்னா, தகரமா மரமா?

— மரம்தாங்க. எதுக்குக் கேக்குறீங்க?

— அறுப்புக் காலத்துல நீ மிசினத் தூக்கிக்கிட்டு ஊரு ஊரா போயிருவ. அவ தனியாக் கெடப்பாளா?

— அக்கா இருக்கு, மாமா இருக்காரு. எதுத்த வீட்டுல சித்தப்பா குடும்பம்.

— இந்தக் கரையிலேர்ந்து மீனு விக்க எவனாச்சும் அந்தப் பக்கம் வர்றானா? நல்லா யோசிச்சுச் சொல்லு.

— எங்களுக்குக் கும்மோணத்துலேர்ந்துதாங்க மீனு வருது. என்னங்கம்மா, போலீஸ்ல கேக்குற மாதிரிக் கேக்குறீங்க? ஒங்க மவள நான் பத்திரமாப் பாத்துக்க மாட்டேனா?

— பத்திரம்னு வாயால சொல்லிட்டாப் போதுமா?

— நீங்களும்தான் நான் வந்ததுலேர்ந்து கடலையே பாத்துக்கிட்டிருக்கீங்க. யாரத் தேடுறீங்க?

— கடலுக்குப் போன போட்டுங்க கரைக்கு வர்ற நேரமாச்சு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சாத் தேவல.

— அதத்தானேங்க நானும் சொல்றேன். வாங்க போகலாம்.

— அவனப் பத்தி அவ ஏதும் சொல்லுவாளா?

— யாரப் பத்தி?

— வீரமணியத்தான்.

— பேச மாட்டாங்க. நான் கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டா. ஒரே ஒரு தடவ, மொத வருசம் நல்லாத்தான்டா இருந்தான், கடல்லேர்ந்து வந்தா எனக்குன்னு சங்கு எடுத்தாருவான்னு சொன்னா.

— எடுத்தாருவான். சின்னச் சங்கா இருக்கும். அவ கழுவிக் கழுவி சன்னல்ல அடுக்கி வப்பா.

— ஒங்களுக்குத் தெரியுமா?

— பக்கத்துலதானே இருந்தேன்.

— அப்ப அவன் பண்ணுன மத்ததும் தெரிஞ்சிருக்கும். எனக்கு வக்கீலு கேஸுக் கட்டப் படிச்சுச் சொன்னாரு. கொதிக்கிற கஞ்சிய அவ கையில ஊத்துனது தெரியுமா? அந்தத் தோலு இன்னும் சுருங்கித்தான் கெடக்கு. கடைசி அன்னிக்கு மயிரப் புடிச்சு இழுத்துட்டுப் போயி, ஒன்னையக் கடல்ல முக்கிட்டுத்தான் மறுவேலன்னிருக்கான். கையில துடுப்பு கெடைச்சுது, ஓங்கிட்டா. ஒரே அடி. அவன் வுழுந்த பொறவு எந்திரி எந்திரின்னு அவளே உலுக்கியிருக்கா. ஓடல, ஒளியல. போலீஸ் வர்ற வரைக்கும் அவன் தலைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாளாம்.

— போதும் தம்பி.

— மன்னிச்சுக்கங்க. பெத்தவங்ககிட்டப் போயி இதச் சொல்லிக்கிட்டு... ஆனா எனக்கு ஆத்தாமையா இருக்கும்மா. ரெண்டு தடவ அவ பேரு வந்துச்சு, ரெண்டு தடவையும் கெடுத்துப்புட்டாங்க அந்த வீரமணியோட அம்மா. "எம் மூச்சு இருக்குறவரைக்கும் அவள வெளிய வுடக்கூடாது"ன்னு ஆபீசர்கிட்டச் சொன்னாங்களாம். கூட வந்தவங்க எல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்க. இவ மட்டும் கெடக்குறா. அந்தக் கெழவிக்கு நெஞ்சுல கல்லுதான் இருக்கும்.

— புள்ளையப் பறிகுடுத்தவ தம்பி அவ.

— இருக்கட்டுமேங்க. அவன் அடிக்கும்போது எங்க போயிருந்தாங்க? ஒரே வீடுதானே? காது செவிடா?

— கனகா அவளத் திட்டுவாளா?

— திட்டுனாத்தான் பரவாயில்லையே. நான் ஏதாச்சும் சொன்னா என்னையத்தான் அதட்டுவா. "அத்தைய ஒண்ணும் சொல்லாத. குடிச்சுட்டு வந்தா அவங்களையும்தான் அடிப்பான். அவங்க முதுகப் பாத்தவ நானு, நான்தான் மஞ்ச அரைச்சுப் பூசி வுட்டேன்"ம்பா.

— அதையும் சொல்லிட்டாளா ஒங்கிட்ட?

— அத்தையப் பத்தின்னா எல்லாத்தையும் சொல்லுவாம்மா. அந்தா, வெள்ள ஜீப்பு! வந்துட்டாங்க. போச்சு, நேரத்த வுட்டுட்டோம். இந்தப் பக்கமேதான் வருது. அம்மா, கேட்டா நான் ஒங்களப் பாக்க மட்டும்தான் வந்தேன்னு சொல்லுங்க.

— வணக்கம் எல்லையம்மா. ஞாபகம் இருக்கா? அறிவுமதி. போன தடவையும் நான்தான் வந்தேன். இது யாரு... சேரனா? நீங்க எப்படி இங்க வந்தீங்க?

— வணக்கம் மேடம். கனகாவோட அம்மாவப் பாத்துட்டுப் போகலாம்னு...

— கனகாவோட அம்மா வீடு தெருக்கோடில இருக்கு. இது வீரமணி வீடு. இவங்க வீரமணியோட அம்மா.

— அம்மா? நீங்களா?

— கனகா வீடு எதுன்னு கேட்ட. அவ வாக்கப்பட்டு வந்த வீடு இதுதான். நான் என்னா பொய்யா சொன்னேன்?

— நான் என்னென்னமோ பேசிட்டேனே...

— பேசுன. கேட்டுக்கிட்டேன். கம்பக் கீழ வுடாத, காக்கா வந்துரும்.

— சேரன், உங்களுக்கு எத்தன தடவ சொன்னேன், இந்த ஊருப் பக்கமே வராதீங்கன்னு? பாதிக்கப்பட்ட குடும்பத்த வந்து மெரட்டுனாங்கன்னு ஒரு வார்த்த வந்தாப் போதும், ஃபைல மூடிருவாங்க. இந்தத் தடவ போனா இனி எப்ப வருமோ தெரியாது. எல்லாத்தையும் நீங்களே கெடுத்துட்டீங்க. வெளிய போய் நில்லுங்க.

— மேடம், சத்தியமா எனக்குத் தெரியாது மேடம். நான் போயிடுறேன். நான் பேசுனதுக்கு அவளத் தண்டிச்சிராதீங்க. அம்மா, ஒங்க காலுல வுழுறேன்...

— எல்லையம்மா, உண்மையச் சொல்லுங்க. இவரு உங்கள மெரட்டுனாரா?

— மெரட்டலியே. எனக்குக் காக்கா ஓட்டிக் குடுத்தான்.

— பயப்படாம சொல்லுங்க.

— இந்தப் புள்ளையப் பாத்து நான் பயப்படவா? நீ கேக்க வந்ததக் கேளு தாயி. சீக்கிரம் கேளு. போட்டெல்லாம் தெரிய ஆரம்பிச்சிருச்சு.

— சரி. கைதி கனகாவ முன்கூட்டி விடுதல பண்றதுல உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?

— இல்ல.

— என்னம்மா சொன்னீங்க?

— இல்லங்குறேன்ல. எழுதிக்க. ரேகை எங்க வைக்கணும்னு காட்டு.

— அவசரப்படாதீங்கம்மா. ரெண்டு தடவையும் என்கிட்டயே, உங்க மூச்சு இருக்குறவரைக்கும் அவள வுடக்கூடாதுன்னு சொன்னீங்க. இன்னிக்கி இவரு வந்து பேசுனதும் மாத்திச் சொன்னா நான் என்னன்னு எழுதுறது? அவள மன்னிச்சுட்டீங்களா?

— அதெல்லாம் எனக்குத் தெரியாது. எம்புள்ள போனது போனதுதான்.

— பின்ன எதுக்கு இப்ப சரிங்குறீங்க?

— இத மட்டும் எழுதாத தாயி. கடலுக்குப் போயிருக்குற என் சின்னவன் இராஜாங்கம், அவன் அண்ணன் படத்துக்கு முன்னால அருவாள வச்சு சத்தியம் பண்ணிருக்கான், அவ வெளிய வந்த அன்னிக்கே வெட்டுவேன்னு. அவ கூடப்பொறந்தவன் சேத்துக்க மாட்டேன்னுட்டான். இந்தத் தெருவ வுட்டா அவளுக்கு வேற போக்கிடம் கெடையாது. மதிலுக்குள்ள கெடந்தா உசுராச்சும் இருக்கட்டும்னுதான் ரெண்டு தடவையும் வுடாதீங்கன்னு சொன்னேன். அவளுக்குன்னு தூரத்துல ஒரு வீடு இருக்குன்னு இவன் வந்து சொன்ன பொறவுதானே எனக்குத் தெரியுது.